எந்த முகவரியை எழுதுவது? விசாவுக்கு வதிவிடம் காட்டும் வழி

வலிகாமத்தில் 27 வருடம் கிராம அலுவலராக வேலை செய்தேன். இளம் ஆட்களுக்கு நான் ஜீ.எஸ். (கிராம சேவகர்) அக்கா, வயதானவர்களுக்கு விதானைப் பிள்ளை. வெளிநாடு போக என்று கேட்டு வந்தவர்களுக்கு நான் எழுதிக் கையொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழ்களுக்குக் கணக்கில்லை. ஓய்வு பெற்ற அடுத்த வருடம், மகளின் முதல் பிரசவத்துக்குத் துணையாகப் போக நானே விண்ணப்பித்தேன். விசா மறுத்துவிட்டார்கள். பேரன் பிறந்ததை வட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் காயம் (பிரசவச் சரக்கு) கரைத்துக் கொடுக்கவும் ஆளில்லாமல் மகள் தனியே கிடந்தாள் என்ற கவலை எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுப்புக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு, நான் கொடுத்த கோப்பை முதலிலிருந்து எடுத்துப் படித்தேன். அடையாள அட்டையில் மயிலிட்டி. 1990 ஜூனில் ஊரை விட்டு வந்தபிறகும் வாக்காளர் பதிவை ஊரிலேயே வைத்திருந்தோம். வங்கிப் புத்தகத்தில் சுன்னாகம், அது கணவர் இருந்த காலத்தில் வாடகைக்குக் குடியிருந்த வீடு. நான் இப்போது வசிப்பது உரும்பிராய். அங்கே கரண்ட் பில் வீட்டின் சொந்தக்காரரான உறவினர் பெயரில் வருகிறது, அவர் லண்டனில் இருக்கிறார். எங்களுக்கு இதில் ஒரு குழப்பமும் தெரியாது. இடம்பெயர்ந்த எத்தனையோ குடும்பத்தின் கதை இதுதான். ஆனால் அந்தக் கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு மயிலிட்டியும் தெரியாது, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமும் தெரியாது. மூன்று தாளில் மூன்று ஊர் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியும். இந்த அம்மா எங்கேதான் குடியிருக்கிறார், எந்த வீட்டுக்குத் திரும்பி வரப்போகிறார் என்று அவர் யோசித்திருந்தால் பிழை சொல்ல முடியாது. ஏன் என்று நான் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது முறை அதே ஆவணங்களை ஒழுங்குபடுத்தி, இல்லாததைச் சேர்த்து, விளக்கக் கடிதம் ஒன்றும் வைத்துக் கொடுத்தேன். விசா கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் யார் விண்ணப்பித்தாலும் கோப்பை ஒருதரம் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், படிவம் இரண்டு கேள்வி கேட்கிறது. ஒன்று, எந்த நாட்டில் என்ன உரிமையோடு வசிக்கிறீர்கள். மற்றது, கொடுத்த முகவரியில் உண்மையாகவே குடியிருக்கிறீர்களா. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பிழை விடுகிறார்கள்.

கனடாவின் வருகையாளர் விசாப் படிவத்தில், தற்போது வசிக்கும் நாடு எது, அங்கே உங்கள் தகுதி என்ன என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். குடிமகன், நிரந்தர வதிவாளர், வருகையாளர், தொழிலாளர், மாணவர் என்று அதில் இருக்கும். இலங்கைக் கடவுச்சீட்டோடு இலங்கையில் வசிப்பவர் ‘குடிமகன்’ என்பதைத்தான் தெரிவு செய்ய வேண்டும். “நான் நிரந்தரமாக இங்கேதானே இருக்கிறேன்” என்று நினைத்து ‘நிரந்தர வதிவாளர்’ என்பதை அழுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல், வேறு நாட்டுக் குடியுரிமையோடு ஒரு நாட்டில் நிலையாக வசிக்க அனுமதி பெற்றவரைக் குறிக்கும். இலங்கையர் இலங்கைக்கு அப்படிப் போட்டால் அதுவே ஒரு முரண்.

அதே படிவம், கடந்த 5 வருடத்தில் வேறு நாடு எதிலாவது 6 மாதத்துக்கு மேல் வசித்தீர்களா என்றும் கேட்கும். கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்துவிட்டு வந்தவர்கள் “முடிந்த கதைதானே” என்று இதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. கடவுச்சீட்டிலேயே அந்த நாட்டு முத்திரைகள் இருக்கும். அங்கிருந்த வதிவிட அட்டையின் பிரதி, வேலையை முடித்துக்கொண்ட கடிதம் இரண்டையும் வையுங்கள். அனுமதியோடு இருந்து, காலம் முடியத் திரும்பி வந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

இன்னும் அங்கேயே வேலையில் இருந்துகொண்டு, லீவில் ஊருக்கு வந்த நேரம் பிரான்ஸ், சுவிஸ் போன்ற ஷெங்கன் நாடொன்றுக்கு இங்கிருந்து விண்ணப்பிக்க நினைப்பவர்களும் உண்டு. ஷெங்கன் விசாச் சட்டப்படி, நீங்கள் சட்டபூர்வமாக வசிக்கும் நாட்டிலுள்ள தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வசிக்காமல் வந்து நிற்கும் நாட்டில் கொடுப்பதென்றால், ஏன் அங்கே கொடுக்கிறீர்கள் என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். டோகாவில் வசிப்பவர் டோகாவிலேயே கொடுப்பது நல்லது.

இதன் மறுபக்கமும் யாழ்ப்பாணத்தில் உண்டு. பிரித்தானியக் கடவுச்சீட்டோடு ஊரில் வந்து குடியிருக்கும் பெரியவர்கள், இங்கிருந்து இந்திய விசாவுக்கோ வேறு விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது, இலங்கையில் என்ன அனுமதியில் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். கடவுச்சீட்டில் இலங்கை வதிவிட விசா ஒட்டிய பக்கத்தின் பிரதி, இரட்டைக் குடியுரிமை இருந்தால் அந்தச் சான்றிதழ், இவை இல்லாமல் போகாதீர்கள். அவர்கள் விஷயத்தில் ஜீ.எஸ். கடிதம் மட்டும் போதாது. நாட்டில் இருக்கும் உரிமையைக் கொடுப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். கிராம அலுவலரால் முகவரியைத்தான் உறுதிப்படுத்த முடியும்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பிறந்த பிள்ளைகளிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும், பிறந்த இடம் வேலூர், மண்டபம் என்று இருக்கும். இலங்கைப் பிரஜையாகப் பதிந்த சான்றிதழையும் சேர்த்து வைத்தால்தான், பிறந்தது அங்கே, உரிமை இங்கே என்பது அதிகாரிக்கு விளங்கும். பதிவே செய்யாமல் இருப்பவர்கள் விசாவை யோசிக்க முன் அதைச் செய்து முடியுங்கள்.

சரி, இனி முகவரி. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நம் நாட்டில் ஒருவர் இன்ன இடத்தில் வசிக்கிறார் என்பதற்கு அடிப்படைப் பத்திரம் கிராம அலுவலர் கொடுக்கும் வதிவிட, நற்சான்றிதழ். யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ‘ஜே’ என்று தொடங்கும் எண் ஒன்று உண்டு. உங்கள் பிரிவின் எண் தெரியாவிட்டால் முதலில் அதைக் கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் ஒழுங்கைகளில் பல வீட்டுக்கு இலக்கமே இல்லை. ‘கோயிலடி, உரும்பிராய் கிழக்கு’ என்று எழுதினால் தபால்காரர் கொண்டுவந்து தருவார், ஆனால் வெளிநாட்டு அதிகாரிக்கு அது முகவரியாகவே தெரியாது. பிரிவின் எண்ணையும் சேர்த்து எழுதினால் முகவரிக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

சான்றிதழ் கேட்டுப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். “என்னைத் தெரியும்தானே அக்கா, ஒரு துண்டு எழுதித் தாங்கோ” என்று வாசலில் நின்று கேட்பார்கள். தெரிந்தாலும் படிவத்தை நான் ஆவணத்தைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். முழுப்பெயர், முகவரி, வயது, தொழில், அடையாள அட்டை எண், வாக்காளர் இடாப்பில் உள்ள விவரம், தகப்பன் பெயர், இந்தப் பிரிவில் எத்தனை காலம் வசிக்கிறார், வேறு என்ன ஆதாரம் இருக்கிறது, என்ன தேவைக்காகக் கேட்கிறார் என்று ஒவ்வொன்றாக அதில் இருக்கும். அடையாள அட்டை, கடவுச்சீட்டின் பிரதி, கடைசிக் கரண்ட் பில், வீட்டு உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) பிரதி அல்லது வாடகை உடன்படிக்கை, பழைய குடும்ப அட்டை இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு கோவையில் கொண்டு போங்கள்.

கிராம அலுவலரிடம் மூன்று விஷயம் மட்டும் பணிவாகக் கேளுங்கள். பெயரை அடையாள அட்டையைப் பார்த்து எழுதாமல் கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். தேவை என்ற இடத்தில் இன்ன நாட்டு விசாவுக்கு என்று போடச் சொல்லுங்கள். வசித்த காலத்தை ‘பல வருடமாக’ என்று எழுதாமல், எந்த வருடம் எந்த மாதத்திலிருந்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் நானும் ‘நீண்ட காலமாக’ என்று எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது போதாது என்பதை என் கோப்பைப் படித்துத்தான் விளங்கிக்கொண்டேன். என் முதல் சான்றிதழிலும் அதே சொல்தான் இருந்தது.

கேட்கக்கூடாததும் ஒன்று உண்டு. வந்து ஆறு மாதம்கூட ஆகாத வீட்டில் ஐந்து வருடம் இருப்பதாக எழுதச் சொல்லாதீர்கள். அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. முன்பு இருந்த பிரிவின் கிராம அலுவலரிடம், இன்ன காலம் முதல் இன்ன காலம் வரை அங்கே வசித்தீர்கள் என்று ஒன்று வாங்குங்கள். இப்போதைய பிரிவில் வந்த நாளிலிருந்து ஒன்று வாங்குங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் இடைவெளி இல்லாமல் கதை ஓடும். நானும் சுன்னாகத்துக்கு ஒன்று, உரும்பிராய்க்கு ஒன்று என்று அப்படித்தான் செய்தேன்.

ஜீ.எஸ். கையொப்பம் வைத்தவுடன் வேலை முடியவில்லை. அதைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோய்ப் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வாங்க வேண்டும். பழைய ஆட்கள் ஏ.ஜி.ஏ. கந்தோர் என்பார்களே, அதுதான். மேலொப்பம் இட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குத்தான் சான்றிதழ் செல்லும். ஆகவே ஆக முந்தியும் எடுக்காதீர்கள், கடைசி நாளில் ஓடவும் வேண்டாம். விண்ணப்பம் கொடுப்பதற்கு நான்கைந்து வாரம் முன்பு எடுத்தால் அளவாக இருக்கும்.

இந்த ஒரு தாளை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. அதே முகவரியைச் சொல்லும் வேறு இரண்டு மூன்று தாளாவது பக்கத்தில் வேண்டும். மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்தில் வாக்காளர் இடாப்பின் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பிரதேச சபைக்குக் கட்டிய சோலைவரி (வீட்டு வரி) பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று, தொலைபேசிப் பட்டியல் எல்லாம் உதவும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் “தண்ணி பில்லை அனுப்புங்கோ” என்று கேட்பார்கள். எங்கள் வீடுகளில் கிணறுதானே, பில் எங்கிருந்து வரும்? இல்லாத தாளைத் தேடி அலையாமல் இருக்கும் தாளை ஒழுங்குபடுத்துங்கள். வங்கிப் புத்தகத்தில் பழைய முகவரி இருந்தால் இன்றைக்கே போய் மாற்றுங்கள், இதில் லேசான வேலை அதுதான். அடையாள அட்டையிலுள்ள முகவரியைக்கூட கிராம அலுவலர் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து மாற்றலாம். நாள் எடுக்கும், அவசரப் பயணத்துக்குச் சரிவராது.

கரண்ட் பில் வேறு ஆள் பெயரில் இருப்பது யாழ்ப்பாணத்தில் பெரிய தலையிடி. வீடு லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமா பெயரில் இருக்கும், பில் இறந்துபோன தாத்தா பெயரில் வரும். அதை ஒளிக்க வேண்டாம். வீட்டின் சொந்தக்காரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: இந்த வீடு என்னுடையது, இவர் எனக்கு இன்ன உறவு அல்லது வாடகைக்கு இருப்பவர், இன்ன மாதத்திலிருந்து இங்கே வசிக்கிறார். அதோடு உறுதியின் பிரதி, அவருடைய கடவுச்சீட்டின் முன்பக்கப் பிரதி, அவர் பெயரிலுள்ள பில். பில் இறந்தவர் பெயரில் இருந்தால் மரண அத்தாட்சிப் பத்திரமும் வேண்டும். வாடகை என்றால் நொத்தாரிசு முன் எழுதிய உடன்படிக்கை இன்னும் பலம். என் வீட்டின் சொந்தக்காரர் நான் கேட்ட அடுத்த நாளே கடிதத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பினார். முதல் தடவையே நான் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டேன்.

திரும்பி வருவீர்களா என்பதும் வதிவிடத்தோடு ஒட்டிய கேள்விதான். கனடாவின் ஒழுங்குவிதி 179(ஆ) கேட்பது அதையே, அனுமதித்த காலம் முடிய இவர் நாட்டை விட்டுப் போவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். பிரித்தானியாவும் உண்மையான வருகையாளரா என்று இதையேதான் பார்க்கிறது. ஆகவே இங்கே உங்களைப் பிடித்து வைத்திருப்பது எது என்று காட்டுங்கள். அரச வேலை என்றால் லீவுக் கடிதம். ஓய்வூதியர் என்றால் ஓய்வூதிய அட்டை, பணம் வரவாகும் வங்கிக் கூற்று. ஓய்வூதியம் தொடர்ந்து வர நாங்கள் வருடந்தோறும் உயிர்வாழ்வதை உறுதிப்படுத்த வேண்டும், அதையும் என் கடிதத்தில் எழுதினேன். கமக்காரர் என்றால் கமநல சேவை நிலையத்தில் பதிந்த விவரம், கமக்காரர் அமைப்பின் கடிதம். கடலுக்குப் போகிறவர் என்றால் படகுப் பதிவு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம். மாத சம்பளச் சீட்டு இல்லையே என்று தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் தங்களைக் குறைவாக நினைத்துவிடுகிறார்கள். மூன்று பரப்பு வெங்காயமும் ஒரு படகும் ஒருவரைத் திருப்பி அழைக்கும் பலமான காரணங்கள், தாளில் காட்டத் தெரிந்தால் போதும். காணி உறுதி இருந்தால் வையுங்கள். சீதன உறுதி, நன்கொடை உறுதி என்றால் அது என்ன வகை என்று மொழிபெயர்ப்பில் தெளிவாக வரவேண்டும்.

மொழிபெயர்ப்பு என்றதும் எழுத்துப் பிரச்சினை நினைவுக்கு வருகிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுங்கள். இல்லாவிட்டால் பெயரை அவர் தன் பாட்டுக்கு ஒரு எழுத்தில் போடுவார். ஊர்ப் பெயரும் அப்படித்தான். உரும்பிராய், தெல்லிப்பழை, சுண்டுக்குளி என்று எந்த ஊரை எடுத்தாலும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒன்றைத் தெரிவு செய்து எல்லாத் தாளிலும் அதையே போடச் சொல்லுங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கு வருவதும், கலியாணத்துக்குப் பிறகு புருஷன் பெயர் சேர்வதும் நமக்குச் சாதாரணம், வெளியில் இருப்பவருக்கு இரண்டு ஆள். அடையாள அட்டை எண்ணிலும் ஒரு சங்கதி: பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், 2016க்குப் பிறகு வந்த அட்டையில் 12 இலக்கம். கடவுச்சீட்டில் பழைய எண், சான்றிதழில் புதிய எண் என்று இருந்தால் இரண்டும் ஒரே ஆளுடையது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் சேர்த்துக் கட்டுவது விளக்கக் கடிதம். ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நான் எழுதியதன் சாரம் இது:

‘என் சொந்த ஊர் மயிலிட்டி. 1990 ஜூனில் போரினால் அங்கிருந்து இடம்பெயர்ந்தோம், ஊர் நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. இதனால் என் அடையாள அட்டையில் இன்னும் அந்த முகவரி உள்ளது. அதன் பின் சுன்னாகத்தில் வாடகைக்கு வசித்தேன் (இணைப்பு 3). இப்போது உரும்பிராயில் வசிக்கிறேன் (இணைப்பு 4). இந்த வீடு என் உறவினருடையது, அவரது கடிதம் இணைப்பு 5. என் ஓய்வூதியம் இலங்கையில் வழங்கப்படுகிறது (இணைப்பு 6). மகளுடன் 8 வாரம் தங்கியிருந்து இந்த வீட்டுக்குத் திரும்புவேன்.’

ஒவ்வொரு வரிக்கும் ஒரு இணைப்பு எண் இருப்பதைப் பாருங்கள். இடம்பெயர்ந்த துயரத்தை விரித்து எழுத மனம் வரும், எனக்கும் வந்தது. முதல் எழுதியதில் இரண்டு பக்கம் அதுவாகவே இருந்தது. பிறகு அதை எடுத்து வைத்துவிட்டு முகவரி மாறிய காரணத்தை மட்டும் விட்டேன். ஆவணங்கள் 1995 இடப்பெயர்வில் தொலைந்துபோனவர்கள், எது தொலைந்தது, மறுபிரதி எங்கே எடுத்தது என்பதை இரண்டு வரியில் எழுதி, தேவையென்றால் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

பொய்த் தாள் செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் போகாதீர்கள். வங்கிக் கூற்று, வேலைக் கடிதம், உறுதி எல்லாம் ‘செட்டாக’ இருக்கும் என்பார்கள். பிடிபட்டால் கனடாவுக்கு 5 வருடம் விண்ணப்பிக்க முடியாது, பிரித்தானியாவில் ஏமாற்று என்று தீர்மானித்தால் 10 வருடத் தடை. காசு வாங்கியவருக்கு அந்தத் தடை இல்லை, கையொப்பமிட்ட உங்களுக்குத்தான்.

கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போகும் நாளில் மூலப் பிரதிகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் போய், ஒரு தாள் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது என்று தெரிந்தால் செய்ய ஒன்றுமில்லை. முதல் நாளே போய் ஒரு உறவினர் வீட்டில் தங்குவது வயதானவர்களுக்கு நல்லது.

போய் வந்தபிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கும். திரும்பி வந்த விமானச் சீட்டின் துண்டையும், கட்டுநாயக்காவில் குத்திய வருகை முத்திரைப் பக்கத்தின் பிரதியையும் அதே கோவையில் போட்டு வையுங்கள். நான் 8 வாரம் என்று எழுதினேன், ஏழாவது வாரம் முடியத் திரும்பினேன். பேரனுக்கு அப்போது 14 மாதம். மகளுக்கு அடுத்த பிள்ளை இந்தத் தை மாதம், புதிய கோவையில் முதல் தாளாக அந்த முத்திரைப் பக்கத்தைத்தான் வைத்திருக்கிறேன்.